அக்காவின் ரத்தத்தில் இரண்டு பேர்

"மாத்திரை போட்டுட்டியாக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பதினாறு வருஷமாக வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் கையை நீட்டுவார்கள். சர்க்கரைக்கு வருகிறவர்களிடம் "வெறும் வயிறா?" என்று கேட்காமல் ஊசியைத் தொட மாட்டேன். அப்படிப்பட்டவன் சொந்த அக்காவிடம் கேட்காமல் விட்டேன். அந்த ஒரு குழாய் ரத்தத்தால் அவள் மறுபடியும் சென்னையில் ஒன்பது நாள் படுத்திருந்தாள். நுரையீரல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களோ அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களோ இதைப் படித்தால், அவர்கள் வீட்டில் இது நடக்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்குக் குடியாத்தம். மாமா வீட்டு மாடியில் அவருடைய நைனா காலத்திலிருந்தே புறாக் கூண்டு உண்டு. கூண்டைப் பெருக்கிக் கழுவுவது கல்யாணமான நாளிலிருந்து அக்காவின் வேலை. நாற்பது வயது தாண்டியதும் வறட்டு இருமல் வந்தது. தூசி என்றார்கள், ஆஸ்துமா என்றார்கள், ஓரிடத்தில் காசநோய் மருந்து கூட ஆறு மாதம் கொடுத்தார்கள். கடைசியில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது இரண்டு நுரையீரலும் நார் பாய்ந்து இறுகிப்போயிருந்தன. ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் என்று பெயர். புறா எச்சம், இறகுத் தூசி, பூஞ்சை போன்றவற்றை வருஷக்கணக்கில் சுவாசித்து, உடம்பு அதற்கு எதிராகக் கிளம்பித் தன் நுரையீரலையே புண்ணாக்கிக்கொள்ளும் நோய். நுரையீரல் இறுகும் நோய்களைப் பற்றி நம் நாட்டில் 19 நகரங்களில் 1,084 பேரை வைத்துச் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்த வகைதான் இருந்தது. ஏர்கூலரையும் அதில் சந்தேகித்திருந்தார்கள். வேலூர் வெயிலில் கூலர் இல்லாத வீடு குறைவு. அதன் ஈரப் பட்டையில் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். புறாக் கூண்டைப் பிரித்தாயிற்று, ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது.

மாற்று நுரையீரல் கிடைப்பதற்காக ஆக்சிஜன் சிலிண்டரோடு பதினோரு மாதம் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பிலேயே ரத்தம் ஒரு செய்தி சொன்னது. அக்கா இரண்டு பிள்ளை பெற்றவள். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் திசு பாதி அப்பாவுடையது அல்லவா? தாயின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கி வைத்திருக்கலாம். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இப்படி வரும். அந்த ஆன்டிபாடிக்கு இலக்காகிற திசு உள்ளவரின் நுரையீரலைப் பொருத்தினால் உடம்பு முதல் நாளே அதன்மேல் பாய்ந்துவிடும். அக்காவின் ரத்தத்தில் அப்படிச் சில இருந்ததால், வந்த ஒரு வாய்ப்பை மருத்துவர்களே வேண்டாமென்று விட்டார்கள். அன்று எங்களுக்குக் கோபம் வந்தது. அந்தச் சோதனை அவளைக் காப்பாற்றியது என்று இப்போது தெரிகிறது.

2022-இல் ஒரு இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தது. விடிவதற்குள் சென்னையில் இருந்தோம். கொடுத்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். அந்த வீட்டில் அன்று என்ன நடந்துகொண்டிருந்திருக்கும் என்று நினைக்காத நாளில்லை.

முதல் 72 மணி நேரம்தான் கண்டம் என்றார்கள். புதிய நுரையீரலில் நீர் கோத்து வேலை செய்யாமல் போகிற ஆபத்து அந்த மூன்று நாளில்தான் அதிகம். அதை ரத்தத்திலிருந்து முன்கூட்டியே கண்டுபிடிக்க ஆய்வுகள் நடக்கின்றன. நுரையீரலின் மெல்லிய சவ்வு அடிபட்டால் கசிகிற எஸ்.ரேஜ் என்ற புரதம், அழற்சியைக் காட்டும் ஐ.எல்.-6, ஐ.எல்.-8 போன்றவற்றை அளக்கிறார்கள். ஆனால் அக்காவின் படுக்கையருகே மருத்துவர்கள் மறுபடி மறுபடி பார்த்தது தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதைத்தான். கொடுக்கிற ஆக்சிஜனுக்கும் ரத்தத்தில் சேர்கிற ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் 200-க்குக் கீழே போகக் கூடாது. அக்காவுக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் குழாயை எடுத்ததும், "மூச்சு உள்ள போவுதுடா, சத்தமே இல்லாம போவுது" என்று எழுதிக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என் வேலை தொடங்கியது. சென்னைக்கு ஒவ்வொரு தடவையும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம், தம்பி லேப்காரன்தானே, அவனே எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பட்டும் என்று ஏற்பாடு. வேலூர்க்காரனாக எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஃபைலைச் சுமந்துகொண்டு வைத்தியத்துக்கு வருகிற ஊர் இது. ஆற்காடு ரோட்டில் லாட்ஜ் பலகைகள் வங்காளியில் எழுதியிருக்கும். 1971-இல் நாட்டுக்கே வழிகாட்டியாகச் சிறுநீரக மாற்று செய்த சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிற ஊர். இங்கே ஒரு ரத்தக் குழாயைச் சரியாக எடுத்து அனுப்ப முடியாதா என்ன?

மிக முக்கியமான டெஸ்ட் டாக்ரோலிமஸ் லெவல். உடம்பு புதிய உறுப்பை எதிர்க்காமல் அடக்கிவைக்கிற மருந்து அது. எல்லோரும் டாக்ரோ என்பார்கள். குறைந்தால் உடம்பு நுரையீரலை நிராகரிக்கும், கூடினால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், கிருமி ஏறும். முதல் மாதங்களில் பொதுவாக ஒரு மில்லி ரத்தத்தில் 10 முதல் 15 நானோகிராம் வரை வைத்திருந்து பிறகு மெல்லக் குறைப்பார்கள். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்திரை. ரத்தத்தை அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பு, அதாவது மருந்து அதன் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும்போது எடுக்க வேண்டும். போட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் அளவு உச்சத்துக்கு ஏறும். அப்போது எடுத்தால் வருகிற எண் பொய்.

அந்த மார்கழி மாதக் காலை, எட்டரைக்குக் குடியாத்தத்தில் இருக்க வேண்டியவன் வழியில் ரயில்வே கேட்டில் மாட்டி, வண்டி பஞ்சராகி, பத்தே கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்காவுக்கு ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி. சொன்ன நேரத்துக்குப் போட வேண்டும் என்று மருத்துவர் அவ்வளவு அழுத்திச் சொல்லியிருந்தார், போட்டுவிட்டாள். நான் அவசரத்தில் ரத்தத்தை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன். அவள் செய்தது சரி, நான் குத்தியதும் சரியான நரம்பில். எண் மட்டும் தப்பு. 22.4 என்று வந்தது. எதிர்முனையில் அதை நம்பி மாத்திரையை மூன்று மில்லிகிராமிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து எடுத்தபோது 5.1. அதற்கு முன்பே ஊதும் கருவி சொல்லிவிட்டது. வீட்டில் தினமும் காலையில் ஊதிப் பார்க்கச் சின்ன ஸ்பைரோமீட்டர் ஒன்று வைத்திருந்தோம். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று காட்டும். 1.92 லிட்டராக இருந்தது 1.78 ஆனது, பிறகு 1.66. பத்து சதவீதம் இறங்கி, இரண்டு நாள் தொடர்ந்து அப்படியே இருந்தால் போன் செய்யச் சொல்லியிருந்தார்கள். அக்கா, "பனிக்குளிர்ல அப்பிடித்தான்டா இருக்கும்" என்று இன்னும் மூன்று நாள் தள்ளினாள். சென்னையில் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி செய்து, துளி சதை எடுத்துப் பார்த்ததில் நிராகரிப்பு ஆரம்பித்திருந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினார்கள். இறங்கியது 1.86 வரை மீண்டு வந்தது. அந்தக் கடைசி 0.06 லிட்டர் திரும்பவே இல்லை. அது என் கணக்கு.

அதற்குப் பிறகு நாங்கள் செய்துகொண்ட மாற்றங்கள் இவை. ரத்தம் எடுக்கும் நாளில் மாத்திரை அட்டை அக்காவின் மடியில் இருக்கும், ஊசி வெளியே வந்த பிறகுதான் உடைப்பாள். குழாயின் மேல் எடுத்த நேரத்தோடு முந்தின இரவு மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதுகிறேன். ரிப்போர்ட்டை அனுப்பும்போது வெறும் எண்ணை அனுப்புவதில்லை, "இரவு 9.00 மாத்திரை, காலை 8.45 ரத்தம்" என்று சேர்த்து அனுப்புகிறேன். எங்காவது நேரம் தவறிவிட்டால் அன்று எடுக்கவே வேண்டாம். அடுத்த நாள் எடுத்துக்கொள்ளலாம். தப்பான எண் இருப்பதைவிட எண்ணே இல்லாமலிருப்பது மேல்.

இன்னொன்றும் லேப்காரனாகச் சொல்கிறேன். ஒரே லேபில் எடுங்கள். டாக்ரோவை அளக்க ஆன்டிபாடியை வைத்துச் செய்யும் முறையும் உண்டு, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையும் உண்டு. மருந்து உடைந்து உண்டாகும் துணைப் பொருள்களையும் சேர்த்து அளந்துவிடுவதால் முதல் முறை கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது வழக்கம். இந்த மாதம் ஒரு லேப், அடுத்த மாதம் வேறு லேப் என்றால் உடம்பில் மாறியதா, மெஷினில் மாறியதா என்று யாருக்கும் புரியாது. மெடிக்கல் ஷாப்பில் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று கொடுத்தால் வாங்கி வந்துவிடாதீர்கள். கம்பெனி மாறினால் மருத்துவருக்குச் சொல்லி மறுபடி லெவல் பார்க்க வேண்டும். டாக்ரோ அளவு அடிக்கடி ஏறி இறங்குகிறவர்களுக்குப் பின்னாளில் நாட்பட்ட நிராகரிப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு எண்ணும் ஒரு புள்ளி. சென்னை மருத்துவர் இப்போது ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் கேட்கிறார்.

டாக்ரோவைக் கலைக்கிறவை வீட்டிலேயே நிறைய உண்டு. பம்ளிமாஸ் கூடவே கூடாது, லெவலை ஏற்றிவிடும். பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் வகை மருந்துகளும் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் தரைமட்டத்துக்கு இறக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து வெளியே போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடப்பது தலைகீழ், லெவல் ஏறும். அக்காவுக்கு ஒரு முறை பேதியானபோது நாங்களாக ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுக்காமல் போன் செய்து கேட்டது எங்கள் அதிர்ஷ்டம். ஊரெங்கும் காய்ச்சல் என்று தெருவில் நிலவேம்புக் கஷாயம் ஊற்றிக் கொடுத்தபோதும் கேட்காமல் குடிக்க வேண்டாமென்று தடுத்துவிட்டேன். அம்மாவுக்கு என்மேல் வருத்தம்தான்.

அம்மாவைப் பற்றிச் சொன்னதும் இளநீர் ஞாபகம் வருகிறது. அக்கினி நட்சத்திரத்தில் மகள் வாடிப்போகிறாளே என்று தினமும் இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். வழக்கமான டெஸ்டில் பொட்டாசியம் 5.9. டாக்ரோவும் பொட்டாசியத்தை ஏற்றும், நுரையீரல் கிருமித் தடுப்புக்காகப் போடுகிற செப்ட்ரானும் ஏற்றும், இளநீர் அதன் மேல் இன்னொரு சுமை. 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அம்மா அன்று அழுதுவிட்டாள். அவளைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. வெயிலுக்குத் தண்ணீர் போதும். ஆனால் அந்தத் தண்ணீரும் குறையக் கூடாது, குறைந்தால் சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறிவிடும்.

இனி, எனக்கு இந்த நான்கு வருஷத்தில் மிகவும் பிடித்த டெஸ்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எட்டாம் மாதம் சென்னையில் அக்காவிடம் எடுத்த குழாய் வழக்கமான ஊதா மூடிக் குழாயாக இல்லை. வெள்ளையணுக்கள் வழியில் உடைந்துவிடாமல் காக்கும் விசேஷக் குழாய். கொடையாளரின் உடைந்த டி.என்.ஏ. அளவைப் பார்ப்பதற்கு என்றார்கள். நம் உடம்பில் எந்த அணு செத்தாலும் அதன் டி.என்.ஏ. துண்டுகள் ரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்தில் கரைந்துபோகும். அக்காவின் நுரையீரல் இன்னொருவருடையது. ஆகவே அந்த நுரையீரலில் சாகிற அணுக்களின் துண்டுகள் அக்காவின் ரத்தத்தில் தனியாகத் தெரியும். மொத்தத்தில் அவை எத்தனை சதவீதம் என்று எண்ணிவிடலாம். வழியில் அக்காவின் வெள்ளையணுக்கள் உடைந்தால் அவளுடைய டி.என்.ஏ. கூடி, கொடையாளரின் பங்கு பொய்யாகக் குறைந்து தெரியும், அதற்குத்தான் அந்தக் குழாய்.

நான் இதை விளக்கியபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ என் ரத்தத்துல அவங்களும் இருக்காங்களாடா?" என்றாள்.

"இருக்காங்கக்கா. ஆனா கம்மியா இருந்தாத்தான் நல்லது. கம்மியா இருந்தா அவங்க நுரையீரல் உடையாம நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

"அப்போ கம்மியாவே இருக்கட்டும்" என்றாள்.

முதல் தடவை 0.4 சதவீதம். மூன்று மாதம் கழித்து 1.4. அரை முதல் ஒரு சதவீதத்துக்கு மேலே போனால் கவனிக்க வேண்டும் என்பது பல ஆய்வுகளின் போக்கு. அக்காவுக்கு மூச்சில் எந்தக் குறையும் இல்லை, ஊதினால் 1.84. நிராகரிப்பு திரும்பிவிட்டது என்று மாமா இடிந்துபோனார். ஆனால் இந்த டெஸ்ட் வாசலில் கட்டிய நாய் மாதிரி. யாரோ வந்திருக்கிறார்கள் என்று குரைக்கும், திருடனா தபால்காரரா என்று சொல்லாது. நுரையீரலில் ஏதோ புண்படுகிறது என்பது மட்டும்தான் செய்தி. நிராகரிப்பும் அதை ஏற்றும், கிருமித் தொற்றும் ஏற்றும். வெள்ளையணு எண்ணிக்கையோ 2,800-க்கு இறங்கியிருந்தது. உடம்பு அசதி என்று அக்கா பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பு அடங்கிய உடம்பில் தலைதூக்கும் சி.எம்.வி. என்ற வைரஸுக்கான தடுப்பு மாத்திரையை அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நிறுத்தியிருந்தார்கள். பி.சி.ஆர். எடுத்தால் அந்த வைரஸ்தான். பிராங்கோஸ்கோபியிலும் நிராகரிப்பு இல்லை.

இதை நிதானமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிராகரிப்புக்கு வைத்தியம் உடம்பின் எதிர்ப்பை இன்னும் அடக்குவது. வைரஸுக்கு வைத்தியம் அந்த அடக்குமுறையைச் சற்றுத் தளர்த்தி வைரஸ் மருந்து கொடுப்பது. இரண்டும் எதிரெதிர்த் திசை. 1.4 என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து ஸ்டீராய்டு ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. வைரஸ் மருந்து முடிந்து ஆறு வாரத்தில் 0.5-க்கு இறங்கியது.

இந்த டெஸ்டுக்கு ஆதாரம் வலுவானதுதான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்களின் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் இந்த அளவு சராசரியாக உயர்ந்திருந்தவர்களுக்குப் பின்னாளில் நுரையீரல் செயலிழக்கும் அபாயம் அதிகமாக இருந்தது. உடம்பின் எதிர்ப்பு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று காட்ட டார்க் டீனோ வைரஸ் என்ற ஒன்றை அளக்கும் முறையும் ஆராய்ச்சியில் இருக்கிறது. நோய் எதையும் தராமல் கிட்டத்தட்ட எல்லோர் உடம்பிலும் குடியிருக்கிற வைரஸ் அது. எதிர்ப்பு மிக அடங்கினால் அது பெருகும், எதிர்ப்பு தலைதூக்கினால் குறையும். நம் பக்கத்து லேபுகளில் அதை வழக்கமான டெஸ்டாக நான் இதுவரை பார்க்கவில்லை, வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஏனென்றால் ஐந்து வருஷத்துக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நாட்பட்ட நிராகரிப்பு வந்துவிடுகிறது. ஊதும் அளவு இருபது சதவீதம் இறங்கி மீளாமல் நின்ற பிறகுதான் அதற்குப் பெயர் வைக்கிறார்கள். அதற்குள் போன நுரையீரல் பெரும்பாலும் போனதுதான். அதற்கு முன்பே ரத்தம் பேசிவிட்டால் நல்லதல்லவா?

வடஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மழை முடிந்து குளிர் வரும் மாதங்களில் இங்கே ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் சகஜம். புதரிலும் வரப்பிலும் உள்ள சின்னப் பூச்சி கடித்து வருவது. வெளியூர் மருத்துவருக்கு அது உடனே தோன்றாமல் போகலாம், நீங்கள்தான் எந்த ஊர், கொல்லைக்குப் போனீர்களா என்று சொல்ல வேண்டும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு மடிப்பெல்லாம் பாருங்கள். ஸ்டீராய்டு போடுகிறவர்களுக்குக் காய்ச்சல் அனலடிக்காது என்பதும் நினைவிருக்கட்டும். 99.5 கூட அவர்களுக்குக் காய்ச்சல்தான்.

போன வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த நாளில் வீட்டுக்குள் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கூட்டத்துக்குள் போகக் கூடாது. புறாக் கூண்டு இருந்த அதே மாடியில் நாற்காலி போட்டு, முகக்கவசத்தோடு உட்கார்ந்து, தூரத்து மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். படியேறியது அவளாகவேதான். மேலே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, மூச்சு வாங்கல" என்றாள்.

மறுநாள் லெவல் நாள். முந்தின இரவு அங்கேயே தங்கிவிட்டேன். எட்டு நாற்பதுக்கு ஊசியோடு போனபோது அக்கா கையை நீட்டி வைத்திருந்தாள். மடியில் மாத்திரை அட்டை, பிரிக்காமல். நான் வாயைத் திறப்பதற்குள்,

"இன்னும் போடலடா" என்றாள்.